வசித்தோர், பயின்றோர், வாங்கியோர்: கனடாவின் குழு வழக்குகளும் ஒரு வினைச்சொல்லின் விலையும்

சட்டம் பயிலும் நண்பர்களுக்குக் குழு வழக்கு என்பது உரிமையியல் நடைமுறையின் ஓர் அத்தியாயம். மொழியியலிலிருந்து அதை அணுகுவோர்க்கு அது வேறு விதமாகத் தோன்றுகிறது. ஒருவரையொருவர் கண்டறியாத ஆயிரக்கணக்கான மனிதர்களை ஒரே வாக்கியத்தின் வலிமையால் ஒரு தரப்பாக ஆக்கிவிடும் செயல் அது. அந்த வாக்கியத்தில் வரும் வினைச்சொல்லோ பெயர்ச்சொல்லோ மாறினால், இழப்பீடு பெறுபவர் யார், வாசலில் நிறுத்தப்படுபவர் யார் என்பதும் மாறிவிடுகிறது. இந்த வரையறையைக் குறித்துக் கனடிய நீதிமன்றங்கள் நல்லதொரு கொள்கையை வகுத்துள்ளன. ஆனால் அக்கொள்கையின் ஒரு பாதியே பெரிதும் பயன்பாட்டில் இருக்கிறது என்பது என் கருத்து. மறுபாதி மறக்கப்பட்டதால் நேர்ந்தவற்றைச் சில வழக்குகளின் வழியே விளக்க முயல்கிறேன்.

முதலில் பின்னணி. கனடாவில் குழு வழக்குக்கெனச் சட்டம் இயற்றிய முதல் மாகாணம் கியூபெக். ஆண்டு 1978. ஒன்டாரியோ 1992இலும் பிரிட்டிஷ் கொலம்பியா 1995இலும் தொடர்ந்தன. ஒருவர் பலருக்காக வழக்குத் தொடுத்துவிட்டால் மட்டும் அது குழு வழக்காகிவிடாது. நீதிமன்றம் அதற்குச் சான்றளிக்க வேண்டும். ஒன்டாரியோ சட்டத்தின் 5ஆம் பிரிவு அதற்கான நிபந்தனைகளைப் பட்டியலிடுகிறது. அவற்றுள் ஒன்று, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டோரைக் கொண்ட 'அடையாளம் காணத்தக்க' ஒரு தொகுதி இருக்க வேண்டும் என்பது. எதைக் கொண்டு அடையாளம் காண்பது, யார் காண்பது என்பனவற்றைச் சட்டம் சொல்லவில்லை. அவற்றை நீதிபதிகளிடம் விட்டுவிட்டது.

அந்தத் தொகுதியைத் தமிழில் எப்படி அழைப்பது என்பதிலேயே ஒரு செய்தி இருக்கிறது. ஒன்டாரியோ சட்டத்தின் ஆங்கிலப் பாடம் 'கிளாஸ்' என்கிறது. அதே சட்டத்தின் பிரெஞ்சுப் பாடம் 'குரூப்' என்கிறது. நமக்கும் இரண்டு சொற்கள் உள்ளன. 'குழு' என்றால் முன்பே கூடியிருப்பவர்கள் என்ற எண்ணம் எழுகிறது. 'வகுப்பு' என்பதோ வகு என்னும் வினையடியிலிருந்து பிறந்த சொல். வகுத்தவர் ஒருவர் உண்டு என்பதை அச்சொல் மறைப்பதில்லை. வழக்கைக் குழு வழக்கு என்றே அழைப்போம், அது பழகிய பெயர். ஆனால் அதன் உறுப்பினர் தொகுதியை வகுப்பு என்று அழைப்பதே பொருத்தம். வழக்குக்கு முன் அப்படி ஒரு கூட்டம் எங்கும் கூடியிருக்கவில்லை. வழக்கறிஞர் எழுதி, நீதிபதி ஒப்புக்கொண்ட வாக்கியமே அதை உண்டாக்குகிறது.

அந்த வாக்கியம் எத்தகையதாக இருக்க வேண்டும் என்பதைக் கனடா உச்ச நீதிமன்றம் 2001இல் டட்டன் வழக்கில் தெளிவுபடுத்தியது. முதலீட்டாளர் குடியேற்றத் திட்டத்தின் வழியே பணம் போட்டவர்கள் ஆல்பர்ட்டாவில் தொடுத்த வழக்கு அது. தலைமை நீதிபதி பெவர்லி மெக்லாக்லின் கூறியதன் சாரம் இது. வரையறையின் அளவுகோல்கள் புறநிலையானவையாக இருக்க வேண்டும். வழக்கின் பொதுவான வினாக்களோடு அவற்றுக்கு அறிவார்ந்த தொடர்பு இருக்க வேண்டும். வழக்கின் முடிவைச் சார்ந்தவையாக அவை இருக்கக் கூடாது. உறுப்பினர் ஒவ்வொருவரின் பெயரும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒருவர் வந்து 'நான் இதில் அடங்குவேனா' என்று கேட்டால், அந்த அளவுகோல்களைக் கொண்டு விடை சொல்ல முடிய வேண்டும். இதற்கான காரணத்தை, 1998இல் டொரொன்டோ சுரங்க ரயில் தீ விபத்து வழக்கிலேயே ஒன்டாரியோ நீதிபதி வாரன் விங்க்லர் மூன்றாகப் பிரித்துக் காட்டியிருந்தார். நிவாரணம் கோரத்தக்கவர் யார், தீர்ப்பால் கட்டுண்டவர் யார், அறிவிப்புப் பெற வேண்டியவர் யார் ஆகிய மூன்றையும் வரையறையே தீர்மானிக்கிறது.

தமிழ் இலக்கணம் அறிந்தோர்க்கு இந்த வாக்கியங்களின் அமைப்பு உடனே புலப்படும். அவை நீண்ட வினையாலணையும் பெயர்கள். வந்தோர், வாங்கியோர், வசித்தோர், பயின்றோர் என ஒரு வினையைச் செய்ததன் வழியே மனிதருக்குப் பெயர் கிடைக்கிறது. காலமும் அதனுள்ளேயே அடங்கியிருக்கிறது. எனவே எந்த வினை என்பதே எல்லாவற்றையும் முடிவு செய்யும் வினா. 'ஏமாற்றப்பட்டோர்' என்று எழுதினால் நீதிமன்றம் ஏற்காது. ஏமாற்றம் நடந்ததா என்பதுதானே வழக்கு. எதிர்வாதி வென்றுவிட்டால் ஏமாற்றப்பட்டோர் என எவரும் இல்லாமற் போவர்; எவரும் இல்லையெனில் தீர்ப்பால் கட்டுண்டவரும் இல்லை; அதே எதிர்வாதி மீது மீண்டும் வழக்குத் தொடுக்கலாம். முடிவைச் சாராத வரையறை வேண்டும் என்னும் விதி இந்தச் சுழற்சியைத் தடுக்கிறது. அதில் எனக்கு மறுப்பில்லை.

அந்த விதிக்குள்ளேயே ஒரு நுட்பமான தீர்வு உருவானது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஜெரிக்கோ ஹில் பள்ளி, காது கேளாத, பார்வையற்ற பிள்ளைகளுக்கானது. அங்கு நடந்த பாலியல் வன்முறை தொடர்பான ரம்லி வழக்கும் 2001இல்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிவு கண்டது. 1950க்கும் 1992க்கும் இடையில் அப்பள்ளியின் மாணவராக இருந்து, பாலியல் தவறுகளால் தாம் பாதிக்கப்பட்டதாகக் 'கூறுவோர்' என்று வகுப்பு வரையறுக்கப்பட்டது. 'பாதிக்கப்பட்டோர்' என்பதற்கும் 'பாதிக்கப்பட்டதாகக் கூறுவோர்' என்பதற்கும் உள்ள வேறுபாடு தமிழருக்கு எளிதில் விளங்கும். வந்தான் என்பதற்கும் வந்தானாம் என்பதற்கும் இடையிலுள்ள தொலைவு அது. கூற்றின் உண்மை பின்னர் ஆராயப்படும். கூறினாரா என்பது மட்டுமே இப்போதைய அளவுகோல். இதில் நான் மதிப்பது ஒன்றுண்டு. வகுப்பின் வாசலைத் திறக்கும் வினையைச் செய்பவர் பாதிப்புக்கு உள்ளானதாகச் சொல்பவரே. ஆவணம் வைத்திருப்பவரின் தயவு அங்கே தேவைப்படவில்லை.

இனி எல்லையைப் பற்றி. அதே 2001இல் வந்த ஹாலிக் வழக்கு, டொரொன்டோ நகரம் வாகன் பகுதியில் நடத்திய கீல் பள்ளத்தாக்குக் குப்பைக் கிடங்கைப் பற்றியது. நாற்றமும் இரைச்சலும் தம்மைத் துன்புறுத்தின என்பது சுற்றிலும் வாழ்ந்தோரின் புகார். நான்கு சாலைகளால் சூழப்பட்ட பகுதியில் குறித்த காலத்தில் சொத்து வைத்திருந்தோர் அல்லது குடியிருந்தோர் என்று வகுப்பு வரையறுக்கப்பட்டது. ஏறத்தாழ 30,000 பேர். காற்று சாலையைப் பார்த்துத் திரும்பிவிடுவதில்லை. எல்லைக்கு அப்பால் முதல் வீட்டில் இருந்தவரும் மூக்கைப் பொத்தியிருக்கக்கூடும். ஆயினும் எங்கேனும் கோடு போட்டாக வேண்டும். உச்ச நீதிமன்றம் இந்த வரையறையைப் போதுமானதென ஏற்றது. வேறு காரணத்தால், அதாவது சிக்கலைத் தீர்க்கக் குழு வழக்கே ஏற்ற வழி என்பது நிறுவப்படவில்லை என்பதால், சான்றளிக்க மறுத்தது.

ஆனால் ஹாலிக் தீர்ப்பு ஒரு முக்கியமான அளவுகோலை விட்டுச் சென்றது. வகுப்பு தேவையின்றி விரிந்ததாக இருக்கக் கூடாது. அதாவது, அதே நலனைப் பகிர்ந்துகொள்ளும் சிலரைக் காரணமின்றி வெளியே தள்ளாமல் அதை மேலும் குறுக்க முடியாது என்பதை வாதி காட்ட வேண்டும். இந்த வாக்கியத்துக்கு இரண்டு முனைகள் உண்டு. குறுக்கு என்கிறது ஒரு முனை. காரணமின்றி எவரையும் தள்ளாதே என்கிறது மறுமுனை. எதிர்வாதிகளின் வழக்கறிஞர்கள் முதல் முனையை ஓயாமல் நீட்டுகிறார்கள். அது அவர்கள் தொழில். இரண்டாம் முனையை நீட்டுவதற்கு ஆளில்லை. வெளியே நிற்பவர் வழக்கில் தரப்பினர் அல்லர். அவருக்கென அங்கே வழக்கறிஞர் இல்லை. நான் பாதிக் கொள்கை என்று முதலில் சொன்னது இதைத்தான்.

அடையாளம் காண்பது யார் என்னும் வினா 2013 அக்டோபர் 31 அன்று கூர்மையாக எழுந்தது. அன்று உச்ச நீதிமன்றம் மறைமுகக் கொள்முதலாளர் தொடர்பான மூன்று தீர்ப்புகளை ஒன்றாக வழங்கியது. மைக்ரோசாஃப்ட் வழக்கில் வகுப்பு ஏற்கப்பட்டது. அம்மென்பொருளின் உரிமத்தைப் பெற்றவருக்குத் தாம் பெற்றது எதுவென்று தெரியும். சன்-ரைப் வழக்கில் நிலைமை வேறு. ஃபிரக்டோஸ் மிகுந்த சோளப் பாகின் விலையை உற்பத்தியாளர்கள் கூடிப் பேசி உயர்த்தினார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்தப் பாகு குளிர்பானங்களிலும் தின்பண்டங்களிலும் கலந்து கடைசி நுகர்வோரைச் சென்றடைந்தது. ஆனால் கனடாவின் புட்டிகளில் 'சர்க்கரை/குளுக்கோஸ்-ஃபிரக்டோஸ்' என்னும் பொதுப்பெயர் அச்சிடப்பட்டிருந்தது. உள்ளே இருந்தது சர்க்கரைப் பாகா சோளப் பாகா என்பதை அதைக் குடித்தவர் அறிய வழியில்லை. தாம் வகுப்பில் அடங்குவோம் என்று காட்டக்கூடிய இருவர் இருப்பதற்கேனும் சான்று வேண்டும், அது இல்லை என்று கூறி, மறைமுக நுகர்வோர் அடங்கிய வகுப்பை நீதிபதி ராத்ஸ்டீன் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு மறுத்தது. நீதிபதி கரகட்சானிஸ், நீதிபதி க்ராம்வெல்லுடன் சேர்ந்து இதில் மாறுபட்டார்.

சொற்பொருளியல் பயின்றவர்க்கு இங்கே இரண்டு வேறுபட்ட வினாக்கள் கலந்துவிட்டது தெரியும். ஒரு பெயர் எவரைச் சுட்டுகிறது என்பது ஒன்று. சுட்டப்படுபவர் அதைத் தாமே அறிய முடியுமா என்பது மற்றொன்று. சோளப் பாகு கலந்த பானத்தை வாங்கியோர் என்னும் தொகுதி ஐயத்திற்கிடமின்றி இருந்தது. வாங்கியவருக்கு மட்டுமே அது தெரியாது. அந்த அறியாமையும் அவரிடம் தானாகப் பிறந்ததன்று, இரண்டையும் ஒரே பெயரால் அழைத்த சிட்டையிலிருந்து பிறந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பின் கவலை எனக்குப் புரிகிறது. அறிவிப்பு யாருக்கு, பணம் யாருக்கு என்று தெரியாத வழக்கில் உறுப்பினருக்கு என்ன பயன் என்பது நேர்மையான வினாவே. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். ஒரு பொருள் எவ்வளவு மங்கலாகப் பெயரிடப்படுகிறதோ, அதை விற்றவர் அவ்வளவு பாதுகாப்பாக இருக்கிறார். புறநிலை என்பது இங்கே ஆவணத்தில் தெரிவது என்னும் பொருளுக்குச் சுருங்கிவிட்டது.

இச்சுருக்கத்தின் மிகக் கனத்த விலையைச் செலுத்தியவர்கள் கனடாவின் பூர்வகுடி மக்கள். பிராண்ட்ஃபோர்டில் இருந்த மோஹாக் நிறுவனம் என்னும் உறைவிடப் பள்ளி பற்றிய கிளவுட் வழக்கில், 1922 முதல் 1969 வரை அங்கே 'பயின்றோர்' என்று வகுப்பு வரையறுக்கப்பட்டது. கீழ் நீதிமன்றங்கள் மறுத்த சான்றளிப்பை 2004இல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் வழங்கியது. நாடெங்கும் பெருகிய வழக்குகளோடு இதுவும் சேர்ந்து கனடிய அரசைப் பேச்சுக்கு வரச் செய்தது. 2006இல் உறைவிடப் பள்ளித் தீர்வு ஒப்பந்தம் கையெழுத்தாகி, 2007 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் பொது அனுபவத் தொகை, முதல் பள்ளியாண்டுக்கு 10,000 டாலர், பின்வரும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 3,000 டாலர். பெறத் தகுதியுடையோர்: பட்டியலிடப்பட்ட பள்ளிகளில் 'வசித்தோர்'.

பயின்றோர் வசித்தோர் ஆனபோது ஒரு கூட்டம் வெளியே விழுந்தது. அதே பள்ளிக்குக் காலையில் சென்று, அதே வகுப்பறையில் அமர்ந்து, தாய்மொழியைப் பேசியதற்காக அதே ஆசிரியரால் தண்டிக்கப்பட்டு, மாலையில் வீடு திரும்பிய பகல்நேர மாணவர்கள் அவர்கள். குறிப்பிட்ட வன்முறைக்கு ஆளானவர் ஒப்பந்தத்தின் தனி மதிப்பீட்டு வழியில் விண்ணப்பிக்கலாம் என்ற இடம் இருந்தது. ஆனால் மொழியையும் பண்பாட்டையும் இழந்ததற்கான பொது ஏற்பு அவர்களுக்கு இல்லை. மொழியை அழிக்கும் ஏற்பாடு இரவு படுக்கையறையில் மட்டுமா நடந்தது? அது முதன்மையாக நடந்த இடம் பகல் வகுப்பறை. மொழி இழப்பை ஆராயும் எவரும் 'வசித்தல்' என்னும் வினையை இந்தத் தீங்கின் அளவுகோலாகத் தேர்ந்திருக்க மாட்டார். விடுதிப் பதிவேட்டில் எளிதில் சரிபார்க்கத்தக்க வினை அது என்பதே அதன் சிறப்பு.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் இரண்டு பூர்வகுடிச் சமூகங்கள் முன்னின்று 2012இல் பகல்நேர மாணவர்களுக்காகத் தனி வழக்குத் தொடுத்தன. கூட்டாட்சி நீதிமன்றம் 2015இல் சான்றளித்தது. தலைக்கு 10,000 டாலர் வழங்கும் தீர்வு ஏற்கப்பட்டது 2021இல். 2005 மே 30 அன்றோ அதற்குப் பின்னரோ இறந்தவர்களின் வாரிசுகள் அவர்களுக்காக விண்ணப்பிக்க இடமளிக்கப்பட்டது. அப்படி ஒரு பிரிவை எழுத வேண்டியிருந்தது என்பதே அந்த இடைவெளி எதைக் கொண்டுபோனது என்பதைச் சொல்லும். ஒரு வினைச்சொல்லைத் திருத்த ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

பெயர்ச்சொல்லும் இதே வேலையைச் செய்யும். பூர்வகுடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து எடுத்துப் பூர்வகுடியினர் அல்லாத வீடுகளில் வளர்க்கக் கொடுத்த கொடுமையை 'அறுபதுகளின் வாரல்' என்பார்கள். அதற்கான தேசியத் தீர்வு 2018இல் ஏற்கப்பட்டு, உரியவர்களுக்குத் தலைக்கு 25,000 டாலர் கிடைத்தது. வகுப்பில் அடங்கியோர், 1951க்கும் 1991க்கும் இடையில் அவ்வாறு எடுக்கப்பட்ட பதிவுபெற்ற 'இந்தியர்', பதிவுக்குத் தகுதியுடையோர், இனுவிட் மக்கள். இங்கே இந்தியர் என்பது நம்மைக் குறிப்பதன்று. அது கனடாவின் இந்தியர் சட்டம் வரையறுத்த சட்டப் பெயர். மெட்டிஸ் மக்களும் பதிவுரிமை அற்றோரும் வெளியே நிறுத்தப்பட்டார்கள். 1982 அரசியலமைப்பு மெட்டிஸ் மக்களைப் பூர்வகுடிகளுள் ஒருவராக ஏற்றது. மெட்டிஸ் மக்களும் பதிவுரிமை அற்றோரும் கூட்டாட்சி அதிகாரத்துக்கு உட்பட்ட 'இந்தியரே' என்று 2016இல் டேனியல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் கூறியது. அதற்குப் பின்னரும் இப்படித்தான் எழுதப்பட்டது. குழந்தையை எடுத்துச் சென்ற அதிகாரி பதிவேட்டைப் பார்த்து எடுக்கவில்லை. இழப்பீட்டுக்கு மட்டும் பதிவேடு பார்க்கப்பட்டது. தீங்கு செய்த தரப்பின் பேரேடே தீங்குக்கு உள்ளானவரின் அடையாளமாகிவிட்டது.

எதிர்வாதங்கள் உண்டு, அவை எளியவையும் அல்ல. வகுப்புக்கு வெளியே இருப்பவர் எதையும் இழப்பதில்லை, தம் வழக்கைத் தாமே தொடுக்கும் உரிமை அவரிடமே இருக்கிறது, உள்ளே இருப்பவரே தீர்ப்பால் கட்டுண்டவர் என்பது முதல் வாதம். தாளில் இது சரி. ஆனால் ஒன்டாரியோ சட்டத்தின் 28ஆம் பிரிவு, குழு வழக்கு நடக்கும் காலத்தில் வகுப்பினருக்கே காலவரம்பை நிறுத்தி வைக்கிறது. வெளியே நிற்பவரின் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். தனியே வழக்காடும் செலவு தாங்காது என்பதால்தானே குழு வழக்கு என்னும் ஏற்பாடே பிறந்தது? அந்த ஏற்பாட்டுக்கு வெளியே ஒருவரைத் தள்ளிவிட்டு, தனியே வழக்காடிக்கொள் என்பது ஆறுதல் ஆகாது.

எதிர்வாதி எத்தனை பேருக்குப் பொறுப்பு என்பது தெரியாமல் எந்தத் தீர்வுக்கும் உடன்பட மாட்டார், விரிந்த வரையறையை வற்புறுத்தினால் தீர்வே கைகூடாது என்பது இரண்டாம் வாதம். இது நடைமுறை உண்மை. 2006 ஒப்பந்தம் காத்திருந்தால் முதியோர் பலர் எதுவும் பெறாமலே இறந்திருப்பர் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆயினும், பேரம் காரணமாகக் குறுகிய வரையறையைத் தீங்கின் இயல்பு காரணமாகக் குறுகியதுபோல் எழுதுவது சரியன்று. பேரம் என்றால் பேரம் என்று பதிவு செய்யட்டும். வெளியே விடப்பட்டவர் யார், ஏன் என்பதும் பதிவாகட்டும்.

எனவே நான் வேண்டுவது புதிய சட்டம் எதையும் அன்று. ஹாலிக் தீர்ப்பின் இரண்டாம் முனையைக் கையில் எடுத்தால் போதும். சான்றளிக்கும்போதும், அதைவிட முக்கியமாகத் தீர்வை ஏற்கும்போதும், நீதிபதி மூன்று வினாக்களுக்கு எழுத்தில் விடை சொல்ல வேண்டும். வரையறையின் வினைச்சொல், குற்றஞ்சாட்டப்பட்ட தீங்கு நிகழ்ந்த செயலைக் குறிக்கிறதா, சரிபார்க்க எளிதான வேறொரு செயலைக் குறிக்கிறதா? அந்த வினையைத் தாம் செய்தோம் என்று உறுப்பினர் தம் சொந்த வாக்குமூலத்தால் காட்ட வழியுண்டா, எதிர்வாதியின் ஆவணம் ஒன்றே வழியா? எல்லைக்கு வெளியே மிக அருகில் நிற்பவர் யார், அவர் அங்கே நிற்பதற்குக் காரணம் என்ன? தீர்வை ஏற்கும் கட்டத்தில் இது இன்னும் தேவை. அங்கே வாதியும் எதிர்வாதியும் ஒரே பக்கம் நின்று அதே வரையறையை ஆதரிக்கிறார்கள். நீதிபதியைத் தவிர மூன்றாமவருக்காகக் கேட்க எவரும் இல்லை.

மொழியியல் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சட்டமும் மொழியும் என்றவுடன் நாம் சாட்சியத்தின் ஒலியியலையும் ஒப்பந்தங்களின் மயக்கச் சொற்களையும் ஆராயப் போகிறோம். வகுப்பு வரையறைகள் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாக்கியங்களே. தீர்ப்புகளில் பொதுவெளியில் கிடைக்கின்றன. ஒவ்வொன்றும் திருத்தப்பட்ட வரலாறு உடையது. ஒரே வழக்கின் முதல் வரைவையும் இறுதி வரைவையும் அருகருகே வைத்து, எந்த வினை எந்த வினையாக மாறியது, அதனால் எத்தனை பேர் மறைந்தார்கள் என்று பாருங்கள். ஆய்வேட்டுக்கு உரிய பொருள் அங்கே இருக்கிறது. சட்டத்துறை நண்பர்கள், குறிப்பாகச் சன்-ரைப் பெரும்பான்மைத் தீர்ப்பை ஏற்பவர்கள், மறுத்து எழுதினால் மகிழ்வேன்.